சபையில் மாத உதவிப் பை தொடங்குகிறீர்களா? நான் தடுக்கி விழுந்த இடங்கள் இவை

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் சேகர மன்றக் (சபை நிர்வாகக் குழு) கூட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஏழைகள் நிதி அப்படியே கிடக்கிறதே, மாதாமாதம் கஷ்டப்படுகிற வீடுகளுக்கு ஏதாவது கொடுக்கலாமே" என்று கேட்டுவிட்டேன். யோசனை சொன்னவர் தலையிலேயே வேலையைக் கட்டுவதுதான் நம் சபைகளின் வழக்கம், உங்களுக்கே தெரியும். அன்றிலிருந்து இன்றுவரை மாதம் பதினெட்டு வீடுகளுக்கு மளிகைப் பை போகிறது. தூத்துக்குடிப் பக்கம், உப்பளத்தை நம்பிய வீடுகளும் கடலை நம்பிய வீடுகளும் கலந்த ஊர்.

முதல் வருடம் முழுக்கத் தப்புத் தப்பாகத்தான் செய்தேன். கேட்டுக்கொள்ள ஆள் இல்லை. உங்கள் சபையில் இதே மாதிரி ஒன்றைத் தொடங்கும் எண்ணம் இருந்தால், காணிக்கைப் பெட்டி செய்ய ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கொடுக்க வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதற்கு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் இருக்கிறது. எப்படிக் கொடுப்பது என்பது மட்டும்தான் இங்கே.

1. பணம் திரட்டுவதற்கு முன் வீடு வீடாகப் போங்கள்

எல்லாரும் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் அறிவிப்பு, அப்புறம் வசூல், அப்புறம் "யாருக்குக் கொடுக்கலாம்" என்று கூட்டம். கூட்டத்தில் வரும் பெயர்கள் எல்லாம் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள், ஆயரிடம் நேரில் கேட்கத் தயங்காதவர்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர் பெயர் எந்தக் கூட்டத்திலும் வராது.

ஒரு மாதம் ஒதுக்குங்கள். இரண்டு இரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவர் கட்டாயம் பெண். எங்களுக்குப் பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் இருந்த ஒரு அக்கா வந்தார், அவர் இல்லாவிட்டால் பாதி வீடுகளில் நடுவீடு தாண்டியிருக்க மாட்டோம். "உங்களுக்கு உதவி வேணுமா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், ஆண்டவர் நடத்துறார்" என்றுதான் பதில் வரும். போங்கள், உட்காருங்கள், ஜெபம் பண்ணுங்கள், கொடுக்கிற கடுங்காப்பியைக் குடியுங்கள். குடிக்காமல் வராதீர்கள்.

அக்கா பார்ப்பது மாத்திரை அட்டையை. ஒரு வீட்டில் ஜன்னல் மேல் இருந்த பிரஷர் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு குழியிலும் பாதி பாதி மாத்திரை. ஒன்றை இரண்டாக உடைத்துப் பாதியை இன்றைக்கும் பாதியை நாளைக்கும் என்று முப்பது நாள் மாத்திரையை அறுபது நாளுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. சபையில் எல்லாரும் "வசதியான வீடு" என்று நினைத்திருந்த வீடு அது. ஓட்டு வீடு இல்லை, கான்கிரீட் வீடு.

2. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது

விதியை முதலிலேயே எழுதி மன்றத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பெயர்கள் வந்தபிறகு விதி எழுதினால் யாரையோ வெளியே தள்ளத்தான் எழுதினீர்கள் என்று பேச்சு வரும். ஆதித் திருச்சபையிலேயே விதவைகளுக்குப் பங்கிடும்போது "எங்கள் ஆட்களைக் கவனிக்கவில்லை" என்று முறுமுறுப்பு வந்து, அப்போஸ்தலர்கள் பந்தி விசாரிப்புக்கென்றே ஏழு பேரைத் தனியாக நியமிக்க வேண்டியிருந்தது. நமக்கு மட்டும் வராதா.

எங்கள் விதி எளிது. சம்பாதிக்கும் ஆள் இல்லாத வீடு, அல்லது சம்பாதிப்பவர் படுக்கையில் இருக்கிற வீடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைத் திரும்பப் பார்ப்போம். காணிக்கை பாக்கி, சங்க சந்தா பாக்கி, கோயிலுக்கு வருவதில்லை என்பதெல்லாம் கணக்கில் வராது. இந்தக் கடைசி வரிக்கு மன்றத்தில் இரண்டு மணி நேரம் சண்டை. விட்டுக்கொடுக்காதீர்கள், ஏனென்றால் ரொம்பக் கஷ்டத்தில் இருக்கிறவர்தான் முதலில் கோயிலுக்கு வருவதை நிறுத்துவார், நல்ல சேலை இல்லை, காணிக்கைத் தட்டில் போடக் காசு இல்லை என்று.

வேற்று மதத்தார்? எங்கள் பதினெட்டில் நான்கு வீடுகள் நம் சபையில்லை. சேர்க்கலாம், சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் பையில் கைப்பிரதி, காலண்டர், வசன அட்டை எதுவும் வைக்காதீர்கள். பருப்போடு துண்டுப் பிரசுரம் போனால் அது பகிர்வு இல்லை, வியாபாரம். ஊரில் வேண்டாத பேச்சும் வரும்.

3. அரிசி வாங்குவதற்கு முன் ரேஷன் கார்டைப் பாருங்கள்

முதல் மூன்று மாதம் நாங்கள் வீட்டுக்கு 10 கிலோ அரிசி கொடுத்தோம். நான்காவது மாதம் ஒரு வீட்டில் எங்கள் மூட்டை மூன்றும் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் இருந்தன. நம் மாநிலத்தில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம், மிக ஏழை வீடுகளுக்கான அந்தியோதயா அட்டை என்றால் மாதம் 35 கிலோ. வயதான இரண்டு பேர் அதையே சாப்பிட்டு முடிக்க மாட்டார்கள். அரிசி இருந்தது, குழம்பு வைக்கத்தான் ஒன்றும் இல்லை.

அதனால் பை போடுவதற்கு முன்னால், அரசாங்கம் அந்த வீட்டுக்குத் தர வேண்டியதெல்லாம் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் 1,000 ரூபாயைவிட இந்த வேலைக்கு மதிப்பு அதிகம், ஒரு தடவை வாங்கிக் கொடுத்துவிட்டால் நீங்கள் இல்லாவிட்டாலும் வந்துகொண்டிருக்கும்.

ரேஷன் கார்டு. அட்டையில் என்பிஎச்எச்-எஸ் என்று இருந்தால் அது சீனி அட்டை, அரிசி வராது. அரிசி அட்டைக்குத் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கும். "கடையில் பருப்பு வரலை" என்று இரண்டு தடவை திரும்பி வந்த பாட்டி மூன்றாம் தடவை போக மாட்டார், யாராவது கூடப் போங்கள். இன்னொரு தொல்லை கைரேகை. உப்பளத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த கையில் ரேகையே இருக்காது, மெஷின் ஏற்றுக்கொள்ளாது. போக முடியாதவருக்குப் பதில் வேறொருவர் வாங்குவதற்கு அங்கீகாரப் படிவம் இருக்கிறது, கடையில் கேட்டு நிரப்பிக் கொடுங்கள். 2025 ஆகஸ்ட்டில் முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டமும் தொடங்கியது, பெயர் இருக்கிறதா என்று கடையிலேயே விசாரிக்கலாம்.

முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை. 2023இல் மாதம் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கான கட்டணம் 10 ரூபாய்தான். கொண்டுபோக வேண்டியவை: ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், போட்டோ, விதவை என்றால் கணவரின் இறப்புச் சான்றிதழ். அப்புறம் வி.ஏ.ஓ. விசாரணை, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாலுகா அலுவலகம் என்று போகும். எங்கள் அனுபவத்தில் வேகமாக வந்தது மூன்று மாதத்தில், இழுத்தது பதினோரு மாதம். விண்ணப்ப எண் எழுதிய ரசீதை அந்த வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள், போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரசீது பைபிளுக்குள் போகும், அப்புறம் கிடைக்காது.

நம் வீடுகளுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது, பெயர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று. ரேஷன் கார்டில் பொன்னுத்தாய், ஆதாரில் மேரி பொன்னுத்தாய், கணவரின் இறப்புச் சான்றிதழில் மனைவி பெயர் மரியம்மாள். மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். எங்களுக்குத் திரும்பி வந்த ஆறு விண்ணப்பங்களில் நான்கு இதனால்தான். முதலில் எல்லாத் தாளையும் மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் ஆதாரையோ ரேஷன் கார்டையோ திருத்திய பிறகே விண்ணப்பம். வயதுக்கு ஆலயத்து ஞானஸ்நானப் பதிவேடு உதவும் என்று நினைத்து நான் ஒரு நகல் எடுத்துப் போனேன், கவுன்ட்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "அழகா இருக்கு சார், ஆனா இது செல்லாது" என்றார்.

மருத்துவக் காப்பீடு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. வருமானச் சான்றிதழ் முதலில் வேண்டும், இ-சேவையில் 60 ரூபாய். பிறகு ரேஷன் கார்டு, ஆதாரோடு குடும்பத்தினரைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். இதை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு ஓடி ஓடிச் செய்கிறவர்கள்தான் அதிகம். நல்லா இருக்கும்போதே எடுத்து வையுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. அந்தப் பாதி மாத்திரை அம்மாவுக்கு இது தெரியாது. அவர் வாங்கிக்கொண்டிருந்தது மெடிக்கல் ஷாப்பில்.

4. பையில் என்ன போடுவது, எவ்வளவு ஆகும்

இப்போது எங்கள் பை இது. கடைசியாக வாங்கிய விலையைப் போட்டிருக்கிறேன், உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

துவரம் பருப்பு ஒரு கிலோ 140, சூரியகாந்தி எண்ணெய் ஒரு லிட்டர் 150, உளுந்து அரைக் கிலோ 70, டீத்தூள் கால் கிலோ 90, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் சேர்த்து 110, புளி கால் கிலோ 50, குளிக்கிற சோப்பும் துணி சோப்பும் 100, முட்டை பதினைந்து 90. கூட்டினால் 800 ரூபாய். அதோடு ஒரு கவரில் 300 ரூபாய் பணம். வீட்டுக்கு 1,100, பதினெட்டு வீட்டுக்கு 19,800.

அந்த 300 ரூபாய்க்கும் மன்றத்தில் எதிர்ப்பு. "பணமாகக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள்." நான் சொன்னது, பட்டியலில் பாதிக்கு மேல் எழுபது வயதுப் பாட்டிகள், அவர்கள் குடிப்பது என் வீட்டிலும் குடிக்கும் டீதான். பெரியாஸ்பத்திரிக்கு பஸ், ஆட்டோ, சிலிண்டருக்குக் குறைகிற நூறு ரூபாய், பேரப்பிள்ளைக்கு நோட்டு, இதெல்லாம் பருப்பைக் கொடுத்து வாங்க முடியாது. குடிக்கிற ஆள் இருக்கிற வீடு என்றால் கவரை அந்த வீட்டுப் பெண் கையில் மட்டும் கொடுங்கள், அதுவும் அவர் சொல்கிற நேரத்தில்.

வயசுப் பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நாப்கின் சேருங்கள். இதை நான் ஒரு வருடம் கழித்துத்தான் யோசித்தேன், அதுவும் அக்கா சொல்லி.

பை கட்டுவது அலுப்பாக இருந்தால் இன்னொரு வழி, பக்கத்து மளிகைக் கடையில் சீட்டு. 800 ரூபாய்க்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்துவிட்டால் அவர்கள் தேவையானதை எடுத்துக்கொள்வார்கள், மாதக் கடைசியில் நீங்கள் கடைக்குப் பணம் கட்டுவீர்கள். எனக்கு இதுதான் பிடிக்கும், என்ன குழம்பு வைப்பது என்று அவர்களே முடிவு செய்யலாம். ஆனால் ஜாக்கிரதை: நாங்கள் முதலில் பேசிய கடைக்காரர் சீட்டோடு வந்தவரின் பழைய பாக்கியில் 800ஐயும் கழித்துக்கொண்டு வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். சீட்டு கொண்டுபோனவர் எங்களிடம் சொல்லவே இல்லை. இப்போது வேறு கடை. "பழைய பாக்கிக்குக் கழிக்கக் கூடாது, பொருள்தான்" என்று முதல் நாளே பேசிக்கொண்டோம், பில்லில் பொருள் பெயர் இருந்தால்தான் பணம்.

5. பிடியரிசியை என்ன செய்வது

எங்கள் பக்கத்துச் சபைகளில் இது பழைய வழக்கம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனி டப்பாவில் எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயில் பெட்டியில் கொண்டுவந்து போடுவது. கேட்க அழகாக இருக்கும். அதை அப்படியே ஏழைகளுக்குப் பங்கிடலாம் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தால் இட்லி அரிசி, பொன்னி, பச்சரிசி, ரேஷன் அரிசி, யாரோ போட்ட பாசுமதி, எல்லாம் ஒன்றாகக் கிடக்கிறது, நடுவில் வண்டு. உலையில் போட்டால் பாதி குழைந்துவிடும், பாதி வேகாது. அதை ஒருவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அது தானம் இல்லை, கழித்துவிட்டது.

வாராவாரம் ஏலம் விடுங்கள். கோழி வளர்க்கிறவர்கள் எடுப்பார்கள், மாவு அரைக்கிறவர்கள் எடுப்பார்கள், அந்தப் பணம் பையில் பருப்பாகிவிடும். அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயை 600 ரூபாய்க்கு ஏலம் எடுக்கிற ஆட்கள்தானே நாம், பிடியரிசிக்கும் நல்ல விலை வரும். எங்களுக்கு மாதம் 2,000 ரூபாய் அளவுக்கு இதிலேயே வருகிறது.

6. பணம் எந்தக் கணக்கில்

முதல் நான்கு மாதம் என் ஜிபே நம்பரைக் கொடுத்திருந்தேன். என் சம்பளம், பிள்ளை பீஸ், பை பணம் எல்லாம் ஒரே கணக்கில். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை என்றுதான் நினைத்தேன். ஒருநாள் புது பைக் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அன்றைக்கு எல்லாரும் பைக்கைப் பார்த்த பார்வையில் புரிந்துகொண்டு, திங்கட்கிழமை வங்கியில் நின்று நான்கு மாத ஸ்டேட்மென்ட் எடுத்து மன்றத்தில் வைத்தேன். தயவுசெய்து யாருடைய சொந்த நம்பரும் வேண்டாம்.

சுலபமான வழி சபைக் கணக்கிலேயே போட்டு, பேரேட்டில் தனித் தலைப்பு வைப்பது. எடுக்க இரண்டு கையெழுத்து. ரொக்கம் வாங்கினால் எண் போட்ட ரசீதுப் புத்தகம். பை தொடங்குவதற்கு முன் மூன்று மாதத்துக்கான பணம், எங்கள் கணக்கில் 60,000, கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மாதம் ஆரவாரமாகக் கொடுத்துவிட்டு மூன்றாம் மாதம் கையை விரிக்க நேரும், ஒரு வீட்டுக்கு அதைவிடக் கொடுமை இல்லை.

வெளிநாட்டுப் பணம்தான் பெரிய பொறி. நம் சபைகளில் வீட்டுக்கு ஒருவர் வெளியே இருக்கிறார், "நான் அனுப்புறேன்" என்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை பார்க்கிற தம்பி தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தி மகள் அனுப்பினால், சொந்தம் என்றாலும், ரூபாயாகவே அனுப்பினாலும், சபைக்கு அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் வாங்கினால் சட்ட மீறல். அந்தப் பதிவுக்குச் சாதாரணமாக அமைப்பு தொடங்கி மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சமாவது செலவு செய்திருக்க வேண்டும், பணம் வரும் கணக்கு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இருக்க வேண்டும். பதினெட்டு வீட்டுக்குப் பருப்பு கொடுக்கிற நமக்கு இது ஆகாத வேலை. சித்தி மகளிடம் "ஊருக்கு வரும்போது உன் அம்மா வீட்டுக்குப் பக்கத்துப் பாட்டியை நீயே போய்ப் பார்" என்று சொல்லிவிடுங்கள். நான் அப்படித்தான் சொன்னேன். கொஞ்சம் கோபம்தான்.

வருமான வரிக் கழிவுக்கு 80ஜி ரசீது கேட்கிறவர்களும் வருவார்கள். ஆலயம் என்பதாலேயே அது இருக்காது, தர்ம காரியத்துக்கென்று தனியாக அனுமதி பெற்ற அமைப்புக்குத்தான் உண்டு. இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவருக்கும் கிடையாது. "இல்லை" என்று சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் அப்போதும் கொடுப்பார்கள்.

7. கொடுக்கிற நாள்

இதைத்தான் நீட்டி எழுத வேண்டும்.

எங்கள் முதல் பையை ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து, ஆல்டர் முன்னால் கொடுத்தோம். பெயர் வாசிக்க, ஒவ்வொருவராக வந்து, ஆயர் கையால் வாங்க, வாலிபர் ஐக்கியத் தம்பி போட்டோ எடுத்தான். சபையின் பெயர் அச்சடித்த சிவப்புப் பை வேறு. எல்லாருக்கும் மனசு நிறைந்திருந்தது, எனக்கும்தான். பதினோராவது பெயர் வாசித்தபோது யாரும் எழும்பவில்லை. இரண்டாவது தடவை வாசித்தேன். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு அக்கா சேலைத் தலைப்பை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து வாங்கிப் போனார். அவருடைய மகளும் எங்கள் பொருளாளர் மகளும் ஒரே வகுப்பு. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை "சிவப்புப் பை" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் அந்தக் குடும்பம் கோயிலுக்கு வரவில்லை. பை கோயில் பிள்ளை (ஆலயப் பணியாளர்) வீட்டுத் திண்ணையில் பிரிக்காமல் இருந்தது.

மூன்று மாதம் கழித்து நான் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்தார்கள். அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை.

அதன்பிறகு மேடை இல்லை, போட்டோ இல்லை, வாட்ஸ்அப் குரூப்பில் பட்டியல் இல்லை. பெயர்ப் பட்டியல் மூன்று பேரிடம் மட்டும். நன்கொடையாளர் "எங்கள் பெயரில் யாருக்குக் கொடுத்தீர்கள்" என்று கேட்டால் எண்ணிக்கை சொல்வோம், பெயர் சொல்ல மாட்டோம். பை என்பது கடையில் கொடுக்கும் சாதாரணக் கட்டைப் பை, எல்லார் கையிலும் இருப்பது. சாயங்காலம் ஆறரைக்கு மேல், இரண்டு பேர் பைக்கில், ஒரு தெருவுக்கு ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கு மேல் போவதில்லை. கொடுத்ததும் ஓடி வந்துவிடாதீர்கள், அதற்காக ஒரு மணி நேரம் உட்காரவும் வேண்டாம். பை கொடுத்த வீட்டில் ஜெபக் கூட்டம் வைக்கச் சொல்லாதீர்கள், அவர்களால் மறுக்க முடியாது.

தேதி முக்கியம். ஒன்றாம் தேதி கொடுக்காதீர்கள். மாத முதலில் உதவித்தொகை வரும், ரேஷன் வரும், மகன் அனுப்புகிற ஆயிரம் வரும். கை வறண்டு போவது 20க்கு மேல். எங்கள் பை 22ஆம் தேதி.

மாதமும் முக்கியம். டிசம்பரில் எல்லாரும் கொடுப்பார்கள், கேக்கும் சேலையும் குவியும், நீங்கள் கொஞ்சம் சும்மா இருந்தாலும் ஓடிவிடும். உப்பளத்து வீடுகளுக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம், வேலை நிற்கும், அரசு நிவாரணம் 5,000 ரூபாய், அது எல்லாருக்கும் கிடைக்கிறதா என்று செப்டம்பரிலேயே பார்த்துவிட வேண்டும். கடல் வீடுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிவதும் பள்ளிக்கூடம் திறப்பதும் சேர்ந்து ஜூனில் வரும், யூனிஃபார்ம் தைக்கக் கூலி, பஸ், டியூஷன். வருடத்தில் எங்களுக்கு மிகவும் கடினமான மாதம் ஜூன்தான், அந்த மாதம் காணிக்கையும் குறைவு, கொடுக்கிறவர்களுக்கும் பீஸ் கட்டுகிற மாதம் அதுதானே. அதனால் டிசம்பரில் வருவதில் ஒரு பங்கை எடுத்து ஜூனுக்கு வைத்துவிடுங்கள். யாராவது "கிறிஸ்மஸ் காணிக்கையை ஏன் செலவழிக்கவில்லை" என்று கேட்பார்கள், ஜூனில் பதில் சொல்லலாம்.

8. சமைத்த சாப்பாடு கொடுக்க ஆசைப்பட்டால்

அசனத்துக்கு (கோயில் விருந்துக்கு) சமைக்கிற அண்டா இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், வாரம் ஒருநாள் சாப்பாடு போடலாமே என்று வாலிபர்கள் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் மதக் கூட்டங்களில் உணவு வழங்குவதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், சிறிய அளவுக்கு வருடக் கட்டணம் 100 ரூபாய்தான், இணையத்திலேயே செய்யலாம். காலையில் சமைத்ததை மதியம் மூன்று மணிக்குப் பொட்டலம் கட்டாதீர்கள், தயிர் சாதம் எங்கள் வெயிலுக்குத் தாங்காது. நாங்கள் இரண்டு வாரம் செய்துவிட்டு நிறுத்திவிட்டோம், ஆர்வம் இருந்த அளவுக்குப் பாத்திரம் கழுவ ஆள் இல்லை.

9. கணக்கு, அப்புறம் அடுத்த ஆள்

மாதம் ஒரு தாள், அறிவிப்புப் பலகையில். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, எத்தனை வீடு, கையிருப்பு எவ்வளவு. பில்கள் ஃபைலில், யார் கேட்டாலும் காட்டலாம். வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்பது வாங்குகிறவர் பெயருக்குத்தான், பில்லுக்கு இல்லை.

பட்டியலில் இருந்து பெயர் எடுப்பது கொடுப்பதைவிடக் கஷ்டம். திடீரென்று நிறுத்தாதீர்கள். "மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது, சந்தோஷம், இன்னும் இரண்டு மாதம் தருகிறோம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்களே அடுத்த மாதம் வேண்டாம் என்றுவிடுவார்கள்.

எல்லாவற்றையும் உங்கள் தலைக்குள் வைத்துக்கொள்ளாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், எந்த வீட்டில் கவர் யார் கையில், யாருக்கு உளுந்து வேண்டாம், யாருடைய விண்ணப்பம் தாலுகாவில் நிற்கிறது, மளிகைக் கடைக்காரர் போன் நம்பர். போன வருடம் எனக்குக் குடல்வால் ஆபரேஷன், ஒரு மாதம் படுத்துவிட்டேன். என் இடத்தில் போன தம்பிக்கு நல்ல மனசு, ஆனால் நோட்டில் கடைக்காரர் நம்பர் இல்லை, சீட்டு இல்லை என்று கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், 22ஆம் தேதி பை 29ஆம் தேதிதான் போனது. நம்பரை இப்போது நோட்டின் அட்டையிலேயே மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கிறேன்.